கோட்டுப் பையில் பத்தொன்பது படங்கள்

லாண்டரிக்கு வருகிற துணியில் முதல் வேலை பையைத் துழாவுவது. அதைச் செய்யாமல் மெஷினில் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கடைக்கு ஒரு பேனா கற்றுக்கொடுத்தது. பதினாறு வெள்ளைச் சட்டைகள் ஒரே மதியத்தில் நீலச் சட்டைகளாகிப் போயின. கடைக்காரர் பதினாறு வீட்டு வாசலில் கை கட்டி நின்றார். அன்றோடு பை இலாகா அவர் மனைவியின் கைக்கு மாறியது. இருபத்திரண்டு வருடமாக அவள் விரல் நுழையாத பை அந்த வட்டாரத்தில் கிடையாது. பாக்கெட்டம்மா என்ற பெயர் அப்படி வந்ததுதான். கேலியாகத்தான் வைத்தார்கள். துவைக்கத் துவைக்கக் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பையில் கிடைப்பதை ஒரு கவரில் போட்டு, பில் நம்பர் எழுதி, மேஜை இழுப்பறையில் வைப்பாள். பஸ் டிக்கெட், ஒற்றைத் தோடு, கடித்து வைத்த பிஸ்கட், ஒருமுறை துணியில் சுற்றிய ஒரு பல். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவருடைய பேன்ட்டில் மூன்று வருடமாக ஒரே காதல் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை போலும். பாக்கெட்டம்மா அதைப் படிப்பதில்லை. முதல் தடவை படித்ததே போதும், மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்படித்தான் ஒரு பழுப்பு நிறக் கோட்டின் உள்பையிலிருந்து கேமரா வந்தது. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் கனம் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி போல. கவரில் நுழையவில்லை என்று அப்படியே இழுப்பறையில் வைத்தாள். கோட்டைத் துவைத்து மாட்டினார்கள். ஆள் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதமும் ஆயிற்று.

கடைக்கு நேரே வந்து கொடுப்பவர்களுக்குப் பில்லில் நம்பர் மட்டும்தான், பெயர் எழுதுகிற வழக்கமில்லை. கோட்டை வாங்கிப் போட்டவர் கடைக்காரர். முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டால், அன்றைக்குத்தான் அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து கன்னத்தைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். சிங்கமே வந்து பிடரியைத் துவைக்கக் கொடுத்திருந்தாலும், நிமிராமல் பில் போட்டிருப்பார்.

"யாரா இருக்கும்?" என்று பாக்கெட்டம்மா வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"கோட்டுக்காரர்" என்பார் அவர். அவ்வளவுதான் அந்தப் புலன்விசாரணை.

பில்லின் பின்பக்கம் ஒரு வரி உண்டு: ஆறு மாதத்துக்குள் பெற்றுக்கொள்ளாத பொருட்கள் கடைக்கே சேரும். அந்த வரியை அவர்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. எழுதி வைத்தால் கடை மாதிரி இருக்கும் என்று அச்சுக்காரர் சொன்னார், சரி என்று வைத்தார்கள்.

ஒரு நாள் வேலை குறைவாக இருந்த மதியத்தில் அவள் கேமராவை எடுத்துப் பக்கத்துத் தெரு ஸ்டூடியோவுக்குப் போனாள். பாஸ்போர்ட் படம் எடுக்கிற சின்ன ஸ்டூடியோ. ஸ்டூடியோக்காரர் அவளைவிடப் பத்து வயது சிறியவர், அக்கா என்பார். கேமராவைக் கையில் வாங்கியதும் அவர் முகம் பழைய சிநேகிதனைக் கண்டது போல ஆகிவிட்டது.

"உள்ள ஃபிலிம் இருக்குக்கா. பின்னாடி ஃபிலிம் டப்பா அட்டையைச் செருகியிருக்கான் பாருங்க. கருப்பு வெள்ளை. முப்பத்தாறுல பத்தொன்பது எடுத்தாச்சு."

"அந்தப் பத்தொன்பதுல அவர் யாருன்னு தெரிஞ்சுடுமா?"

"தெரியலாம். இப்பவே சுத்தி எடுத்துக் கழுவிடலாம். நாளைக்குப் படம்."

"மீதிப் பதினேழு?"

"அது வீணாத்தான் போகும்."

வீண் என்ற சொல் அவளைக் குத்தியது. சோப்புத் துணுக்குகளைச் சேர்த்து உருட்டி மறுபடி சோப்பாக்குகிற குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் இது சோப்பு விஷயமில்லை என்பது அவளுக்கே அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. கேமராவின் சின்ன ஜன்னலைக் கண்ணில் வைத்து, ஸ்டூடியோ கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை தெருவைப் பார்த்திருந்தாள். தெருவில் ஒருவன் நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி ஒன்றை முதுகில் சுமந்து போனான். கண்ணாடி நிறைய வானம் இருந்தது. தினம் பார்க்கிற தெரு. அதற்கு நாலு பக்கமும் ஒரு கோடு போட்டதும் யாரோ அவளிடம் 'இதோ பார்' என்று சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டுக்காரரிடம் வந்து, "முடிச்சாத்தான் கழுவ முடியுமாம்" என்றாள்.

"எதை?"

"ஃபிலிமை. இன்னும் பதினேழு எடுக்கணுமாம். அப்பத்தான் ஆள் யாருன்னு தெரியும்."

"கழுவறதுன்னா நம்ம தொழில்தானே. மெஷின்ல போடு" என்று அவர் காலரைத் திருப்பி அழுத்தினார்.

பொய் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, பதினேழு என்பது எவ்வளவு கொஞ்சம் என்று. ஸ்டூடியோக்காரர் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். வெயிலில் இந்த எண், கடைக்குள் இந்த எண். தூரத்துக்கு லென்ஸில் மூன்று பொம்மைகள்: ஒரு தலை, மூன்று தலை, ஒரு மலை. ஒருவரென்றால் தலைக்குத் திருப்பு, குடும்பமென்றால் மூன்று தலைக்கு, மற்றதெல்லாம் மலை. அடியும் அங்குலமும் அவளுக்குக் கண்ணிலேயே உண்டு. வாசலில் நுழையும்போதே ஆளின் இடுப்பளவைச் சொல்வாள், கேட்காவிட்டாலும்.

முதல் படம் அவளுடைய கட்டைவிரல். அழகான விரல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதினாறாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கருமியானாள். கண்ணில் வைப்பாள், இறக்குவாள். எடுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொன்றுக்கும் பெண் பார்க்கிற மாதிரி யோசனை. கம்பியில் தொங்குகிற வெள்ளைச் சட்டைகள் எல்லாம் முதுகைக் காட்டி நின்றன, ஏதோ வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பவனைத் திட்டப்போகிற மாதிரி. எடுத்தாள். நீராவிப் பெட்டியிலிருந்து புகை கிளம்பி வீட்டுக்காரரை விழுங்கி, இரண்டு கைகளை மட்டும் வெளியே துப்பியது. எடுத்தாள். பேருந்து ஜன்னலில் யாரோ மூச்சு விட்டு ஒரு முகம் வரைந்திருந்தார்கள். பேருந்து நகர்வதற்குள் எடுத்தாள். ஜோடி தொலைந்த இரண்டு காலுறைகள், ஒன்று நீளம் ஒன்று குட்டை, மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வீட்டில் பெரியவர்கள் சேர்த்து வைத்த கல்யாணம் போல. அதையும் எடுத்தாள்.

எதிர்க்கடை நாய் மின்கம்பத்தின் நிழலில் படுத்திருந்தது. நிழல் நகர நகர நாயும் நகர்ந்தது, எழுந்திருக்காமலே. அது எப்போது நகர்கிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் வாசலில் நின்றாள். உள்ளே ஒரு கால்சட்டை கஞ்சியில் ஊறி அட்டையாகிவிட்டது.

"நிக்க வச்சாத் தனியா நிக்குது" என்று வீட்டுக்காரர் அதைத் தூக்கிக் காட்டினார். "ஆளே வேண்டாம். இதுவே ஆபீஸ் போயிட்டு வந்துடும்."

"நாய் நகரும்போது கண்ணைத் திறக்கறதே இல்லைங்க."

"அதுக்கு எதுக்குக் கண்ணு. அதுகிட்ட யாரும் பேன்ட் கேக்கலையே."

அவளைக் குடைந்த கேள்வி நிறத்தைப் பற்றியது. லாண்டரியில் முதல் பாடம் நிறத்தைப் பிரிப்பது. சிவப்பைத் தனியாகப் போடு, பச்சையைத் தனியாகப் போடு, வெள்ளையை யாரோடும் சேர்க்காதே. இந்த ஃபிலிமுக்குள் எல்லாம் ஒரே தொட்டியில் விழுகின்றன. சிவப்பு என்னவாக வரும்? பச்சை என்னவாக வரும்? ஒரு சிவப்புச் சட்டையையும் பச்சைச் சட்டையையும் அருகருகே மாட்டி, அதற்கென்றே ஒரு படம் செலவழித்தாள். விடை தெரிய எத்தனை நாள் ஆகும் என்பது தெரியாமல் ஒரு கேள்வியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைப்பதில் அப்படியொரு இனிப்பு இருந்தது. ராத்திரி படுத்தால் உள்ளே இருக்கும் படங்கள் வரிசையாக நினைவுக்கு வரும். அவற்றுக்கு முன்னால் அந்தப் பத்தொன்பது, இருட்டில், ஒன்றின் மேல் ஒன்று சுற்றிக்கொண்டு. கோட்டுக்காரர் எதைப் பார்த்து நின்றிருப்பார்?

வெளியில் ஒரு எண்ணம், உள்ளே இன்னொன்று. ஆள் யாரென்று தெரியத்தான் இவ்வளவும் என்று சொல்லிக்கொண்டாள். தெரிந்துவிட்டால் கேமராவைக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் கூடவே தெரிந்துகொண்டாள். பதினேழை மெல்ல மெல்ல மென்றாள்.

குட்டு உடைந்தது ஸ்டூடியோக்காரரால். தன் பேன்ட்டை வாங்க வந்தவர், கடைக்காரர் காதுபடவே, "என்னக்கா, இன்னும் முடிக்கலையா? அன்னைக்கே சுத்தி எடுத்துத் தரேன்னு சொன்னேனே, நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க" என்றார்.

கடைக்காரர் வாயில் நாலு குண்டூசி இருந்தது. அதனால் "ஓஹோ" என்பதோடு நின்றது. பேன்ட் போன பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"முடிச்சாத்தான் கழுவ முடியுமாம்" என்றார், அவள் குரலிலேயே.

அவள் துணியில் குத்துகிற டோக்கன் சீட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

"எத்தனை மிச்சம்?"

"ஆறு."

"சீக்கிரம் முடி. எனக்கும் அந்த ஆளு யாருன்னு தெரியணும். பல்லு போன அன்னைக்கு வந்தவன், பேரைக்கூடச் சொல்லலை."

இரண்டு வாரத்தில் ஆறும் முடிந்தன. கடைசிப் படம் எடுத்ததும் ஃபிலிமை நகர்த்துகிற நெம்புகோல் பாதியில் நின்றது. போதும் என்று கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

ஸ்டூடியோக்காரரின் இருட்டறை முன்பு குளியலறையாக இருந்தது. ஒரு சோப்புப் பெட்டி இன்னும் சுவரில் தொங்கியது. சிவப்பு விளக்கில் பாக்கெட்டம்மா சுவரோரம் ஒட்டி நின்றாள். அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தட்டில் இட்டு ஆட்டினார். தண்ணீரில் போட்டால் போவதைத்தான் அவள் ஆயுளில் பார்த்திருக்கிறாள். கறை போகும், சாயம் போகும், பொத்தான் போகும். தண்ணீரில் போட்டு வருவதை அன்றுதான் பார்த்தாள். வெறும் தாளில் முதலில் ஒரு அழுக்கு போல வந்தது. அவள் கை தன்னையறியாமல் தேய்க்கத் துடித்தது. அழுக்கு விரிந்து, மின்கம்பமாகி, நிழலாகி, நிழலுக்குள் நாயாகியது.

"வந்துடுச்சு" என்றாள். ஏதோ பிரசவ அறையில் நிற்பவள் மாதிரி மெதுவாக.

சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே சாம்பலாக வந்திருந்தன. எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இரண்டையும் அவள்தான் சண்டைக்காரர்களைப் போலப் பிரித்து வைத்திருக்கிறாள்.

உலர்ந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து, "மொத்தம் முப்பத்தாறு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் படங்களைத் தரையில் பரப்பினாள். முதல் பத்தொன்பது கோட்டுக்காரருடையவை. கெண்டி மூக்கிலிருந்து வருகிற ஆவி. மாடிப்படியில் பாதி வரை ஏறி நின்றுவிட்ட வெயில். பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் கால்கள் மட்டும். நாற்காலி முதுகில் மாட்டிய ஒரு சட்டை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஒரு பெண், ஒரு காலில் ஷூ, மற்றது கையில். கடைசிக்கு முந்தியதில் முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் ஒரு ஆள், அதே கோட்டில். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா.

"அட, கோட்டுக்காரா" என்றார் கடைக்காரர். "மூஞ்சியை மறைக்கவே வாங்கினியா?"

"நம்ம மாதிரிதாங்க" என்றாள் அவள்.

"எது நம்ம மாதிரி?"

"இவரும் ஒண்ணுமில்லாததைத்தான் எடுத்திருக்கார்."

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூங்குகிற பெண்ணிடம் கொஞ்சம் அதிகம் நின்றார். காலுறைப் படத்தைக் கையில் எடுத்து, "இது அவரா நீயா?" என்று கேட்டார். நான் என்றாள். "ம்" என்றார். எழுந்து பல் துலக்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அவள் ஸ்டூடியோவிலிருந்து இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியை எடுத்தாள். நாற்காலி முதுகுச் சட்டையின் மேல் வைத்தாள். காலர் பொத்தானில் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. லாண்டரி டோக்கன். துவைத்து வந்த சட்டையைப் பிரித்துப் போட்டவர் எடுக்காமல் விட்டிருக்கிறார். வேறு யாருக்கும் அது ஒரு வெள்ளைப் புள்ளிதான். அவளுக்கு அது அவள் கையெழுத்து. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவது அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். கோடில்லாத ஏழு ஒன்றாகிப் போய், போலீஸ்காரரின் உடுப்பு பல் டாக்டர் வீட்டில் இறங்கிய நாளிலிருந்து வந்த வழக்கம் அது.

மறுநாள் யாருமில்லாத நேரத்தில் பில் புத்தகத்தைப் புரட்டினாள். கடைக்கு வருகிறவர்களுக்குத்தான் பெயர் கிடையாது. வீட்டில் போய் மூட்டை வாங்குகிறவர்களுக்கு விலாசம் உண்டு. அந்த நம்பருக்கு எதிரே எழுதியிருந்தது: நர்ஸம்மா, தண்ணீர்த் தொட்டி பக்கத்து மாடி.

புத்தகத்தை மூடினாள். ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அச்சுக்காரர் அலங்காரத்துக்கு வைத்த வரி அவளுக்காகவே வைத்தது போலாகிவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் அந்தக் காகிதத் துண்டைப் படிக்க இன்னொரு பாக்கெட்டம்மா பிறந்து வர வேண்டும். ஸ்டூடியோவில் புது ஃபிலிம் ஒன்று வாங்கி மாட்டினாள். மாட்டினாளே தவிர எடுக்க முடியவில்லை. கண்ணில் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. விரல்தான் அழுத்த மறுத்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். மடியில் இருந்தது அரைக் கிலோகூட இருக்காது. ஒரு நாள் ஒரே சட்டைக்கு இரண்டு முறை கஞ்சி போட்டாள். மறுநாள் வங்கிக்காரரின் காதல் கடிதத்தை ஸ்டூடியோக்காரரின் கவரில் வைத்துவிட்டு, நல்லவேளையாகக் கடைசி நிமிடத்தில் பார்த்தாள். கொடுத்திருந்தால் மூன்று வருடக் காதல் வேறு திசையில் போயிருக்கும்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. கடைக்காரர் சைக்கிளில் போய் வீட்டு மூட்டைகளை வாங்கி வருகிற நாள். கொண்டுவந்து இறக்கினார். மூன்றாவது மூட்டை தண்ணீர்த் தொட்டி மாடி. பிரித்தால் வெள்ளைக் கவுன் நாலு, துண்டு இரண்டு. அவள் பையைத் துழாவினாள். ஒரு கவுனில் காய்ச்சல்மானி, இன்னொன்றில் ஒரு சீட்டு. வீட்டுச் சாமான் பட்டியல்: சோப்பு, பல்பு, கடைசி வரியில் 'கேமரா — அலமாரிக்குப் பின்னால் இன்னொரு தடவை பார்க்க'. அந்தக் கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

டோக்கன் எழுத எடுத்த பேனா கையிலேயே நின்றது.

"ஏங்க."

"ம்."

"கேமரா இந்த வீட்டோடது. அந்த நாற்காலிச் சட்டையில நம்ம டோக்கன் இருந்துச்சு. நாலு நாளாத் தெரியும்."

அவர் அழுத்திக்கொண்டிருந்த கைமடிப்பை முடித்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கும் நாலு நாளாத் தெரியும்."

"எப்படி?"

"அந்தம்மாகிட்ட வாராவாரம் நான்தானே மூட்டை வாங்கறேன். தூங்கினா அடையாளம் தெரியாமப் போயிடுமா?"

"அப்புறம் ஏன் சொல்லலை?"

அவர் அடுத்த சட்டையை எடுத்து உதறினார். ஏற்கெனவே உதறிய சட்டை.

"மூணு வாரம்தானே இருக்குன்னு நினைச்சேன்" என்றார்.

பதினாறு சட்டைக்காகப் பதினாறு வாசலில் நின்ற மனிதர். பாக்கெட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. நீராவி என்று வைத்துக்கொண்டாள்.

"கிளம்புங்க" என்றாள். "கோட்டை எடுங்க."

கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு இருவரும் போனார்கள். கோட்டு உறை போட்டு அவர் கையில், கேமராவும் படக் கவரும் அவள் கையில். நர்ஸம்மா கதவைத் திறந்து, "காலைலதானே வாங்கிட்டுப் போனீங்க, அதுக்குள்ள துவைச்சாச்சா?" என்றாள். பிறகு கோட்டைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடினேன்க்கா. என் தம்பியோடது. கப்பல்ல சமையல் வேலை. மூணு மாசம் லீவுல இங்கதான் இருந்தான். கிளம்பற அவசரத்துல கோட்டை எங்க போட்டான்னு அவனுக்கே தெரியலை. போன் பண்ணினா அக்கா எப்படியிருக்கேன்னு கேக்க மாட்டான், கேமரா கிடைச்சுதான்னுதான் கேப்பான்."

உள்ளே உட்கார்ந்தார்கள். நாற்காலியைப் பாக்கெட்டம்மா அடையாளம் கண்டாள். அதில் உட்கார ஏனோ கூச்சமாக இருந்தது. கேமராவில் தான் பதினேழு எடுத்துவிட்டதையும், புது ஃபிலிம் மாட்டியதையும், நாலு நாள் பேசாமல் இருந்ததையும் ஒரே மூச்சில் சொன்னாள். நாலு நாள் கணக்கில் கடைக்காரர் தன் பங்கைச் சேர்க்காமல் கூரையைப் பார்த்தார்.

நர்ஸம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக் கெண்டி... எங்க மாடிப்படி... இதையெல்லாமா எடுப்பான்?" தூங்குகிற பெண் வந்ததும் நிறுத்தினாள். "படுபாவி. ராத்திரி டூட்டி முடிச்சு வந்து ஷூவைக் கழட்டக்கூடத் தெம்பில்லாம விழுந்திருக்கேன். எழுப்பாம எடுத்திருக்கான் பாருங்க." அதைத் தனியே எடுத்து மடியில் வைத்தாள். திட்டுகிற கையாக இல்லை அது. பிறகு காலுறைப் படம். "இதோ, இதுவும் அவன்தான். உருப்படாத எதையாவது இவ்வளவு அக்கறையா எடுக்க அவனாலதான் முடியும்."

இவ்வளவு நல்ல திட்டு பாக்கெட்டம்மாவுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

"அது இவ எடுத்தது" என்றார் கடைக்காரர், கூரையை விட்டு இறங்கி.

நர்ஸம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். "அவன் இன்னும் ரெண்டு மாசத்துல வந்துடுவான். இதைப் பாத்தா விடமாட்டான், கேள்வி கேட்டே கொன்னுடுவான்." சொல்லிக்கொண்டே கேமராவுக்குக் கை நீட்டினாள்.

பாக்கெட்டம்மா கொடுக்கப் போனாள். கொடுத்தும் விட்டிருப்பாள். நடுவில் கடைக்காரரின் கை வந்தது.

"பில் இருக்காம்மா?"

"பில்லா?"

"கோட்டுக்கு நாங்க குடுத்த பில். அந்தக் கோட்டுல இருந்ததுதான் கேமராவும்."

"அது தம்பிகிட்ட இருக்கும். கப்பல்ல."

"அப்பக் கொஞ்சம் சிரமம்" என்றார் அவர், மிகவும் வருந்தி. "பில் இல்லாம எதையும் வெளிய குடுக்கறதில்லை. கடை ரூல். தம்பி வரட்டும், பில்லைக் காட்டட்டும், கையில குடுத்துடறோம். ஆறு மாசம்னு பின்னாடி போட்டிருக்கும், அது கடல்ல போனவங்களுக்குக் கிடையாது."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

நியாயமான கேள்வி. கடைக்காரர் அதை ஒரு பக்கமிருந்து பார்த்தார், மறு பக்கமிருந்தும் பார்த்தார்.

"சரியான வீடுதானான்னு பாக்க" என்றார்.

நர்ஸம்மாவின் பார்வை அவரை விட்டு, கேமராவை இரண்டு கையாலும் பிடித்திருந்த பாக்கெட்டம்மாவிடம் வந்தது. நோயாளி சொல்லாததையும் தெரிந்துகொள்கிற பார்வை. "ரூல்னா ரூல்தான்" என்றாள் மெதுவாக. "சும்மா வச்சுடாதீங்கக்கா. ஓடிக்கிட்டே இருக்கணும்பான், இல்லைன்னா உள்ள இறுகிப்போயிடுமாம்."

தம்பி எடுத்த படங்களை அங்கேயே விட்டு, தன்னுடையதைக் கவரில் எடுத்துக்கொண்டாள் பாக்கெட்டம்மா. தெருவுக்கு வந்ததும் கோட்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆளிடம்கூட அவர் பில் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துக் கொடுப்பார். மாறிப்போனால் மாற்றிக் கொடுப்பார்.

"இந்த ரூல் எப்பங்க வந்துச்சு?"

"இப்பத்தான். மாடிப்படி ஏறும்போது."

தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெருவைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. அவள் நின்று, மலைக்குத் திருப்பி, அதில் நுழையப் போகிற கோட்டையும் ஆளையும் சேர்த்து அழுத்தினாள். விரல் மறுக்கவில்லை.

"ஒரு விஷயம்" என்றார் அவர், திரும்பாமலே. "முப்பத்தாறுன்னு சொன்னே. தரையில நான் எண்ணினேன். முப்பத்தஞ்சுதான் இருந்துச்சு."

அவள் படக் கவரைக் கக்கத்தில் இடுக்கினாள்.

"ஒண்ணை எனக்குக் காட்டலை."

"ஆமா."

"அதுல என்ன இருக்கு?"

"நீங்க."

அவர் நின்றார். "நானா? எப்ப எடுத்தே? என்ன பண்ணிட்டு இருந்தேன்? வாயைத் திறந்துக்கிட்டா?"

"அதெல்லாம் பாத்தாத்தான் தெரியும்."

"காட்டு."

படக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு பாக்கெட்டம்மா அவரைத் தாண்டி நடந்தாள்.

"பில் இருக்கா?" என்றாள்.